சிலாங்கூரின் ஐந்து பேர்: இது என் வரிசை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலக் காற்பந்து அணியின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் கேட்டாலும் மொக்தார் டஹாரி என்றுதான் பதில் வரும். இரண்டாவது யார் என்று கேட்டால்தான் வம்பு. என் மோட்டார் பட்டறையில் செயின் மாற்ற வந்த ஒருவர் செயினை மறந்துவிட்டு அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டுப் போனார். அதனால் என் வரிசையை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

விதி ஒன்றுதான். சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையில் செய்தது மட்டுமே கணக்கு. நாட்டுக்கு ஆடிய பெருமையை இதில் கலக்கக் கூடாது.

மொக்தாரைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சிலாங்கூருக்குப் பத்து மலேசியக் கிண்ணம் வாங்கித் தந்த கால்கள் அவை. 1975-இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்து 2-0 என்று தோற்றுப் போனது. இரண்டு கோலும் அவர் அடித்தவை. 1991-இல் நரம்பு நோயில் போய்ச் சேர்ந்தபோது வயது 37. முதலிடம் அவருக்கு, பேச்சே இல்லை.

இரண்டாவது ஆர். ஆறுமுகம், கோல் காவலர். "போங்கண்ணே, நம்ம ஆளுங்கிறதாலதானே?" என்று செயின்காரர் கேட்டது இங்கேதான். இல்லை தம்பி. முன்னால் மொக்தார் இரண்டு கோல் அடிப்பார், சரி. பின்னால் மூன்று போகாமல் பிடிக்க ஒருவர் வேண்டாமா? கார்னர் பந்து வரும்போது மற்ற காவலர்கள் கோட்டிலேயே நின்று தவிப்பார்கள். ஆறுமுகம் கூட்டத்துக்குள் புகுந்து, எல்லார் தலைக்கும் மேலே அந்த நீளக் கையை நீட்டிப் பறித்துவிடுவார். தோட்ட மண்டபத்தின் கறுப்பு வெள்ளை டிவியில் பந்து சரியாகத் தெரியாது, அந்தக் கை மட்டும் தெரியும். ஸ்பைடர்மேன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

எங்கள் திடலில் கோல் கம்பம் என்பது இரண்டு ரப்பர் கட்டை. மேலே குறுக்குக் கம்பு கிடையாது, அதனால் "பந்து மேல போச்சு", "இல்ல, உள்ள போச்சு" என்று தினமும் தகராறு. முன்பெல்லாம் ஓட முடியாதவனைப் பிடித்துக் கோலில் நிறுத்துவோம். ஆறுமுகம் பெயர் எடுத்த பிறகு அந்த இடத்துக்கே அடிதடி. அப்பா மருந்து அடிக்கப் போட்டுக்கொள்ளும் கையுறையைத் திருடி வந்தவனுக்குத்தான் அன்றைக்கு இடம். இது என் விதிக்குள் வராது, தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார், வயது 35.

மூன்றாவது சோ சின் ஆன், தற்காப்பு ஆட்டக்காரர். மலாக்காக்காரர் ஆச்சே என்பார்கள். எந்த ஊர்க்காரர் என்று யார் கேட்டது, ஆடிய ஊர் எது என்று பாருங்கள். தவ்கே, அதாவது முதலாளி, என்ற பட்டப்பெயர் பொருத்தமோ பொருத்தம். விழுந்து புரண்டு பந்தைப் பறிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது, பந்து வரப்போகும் இடத்தில் ஏற்கெனவே நிற்பார். நாட்டுக்கு 195 ஆட்டம் ஆடியதாக ஃபிஃபா கணக்கு வைத்திருக்கிறது. அதை எண்ணக் கூடாது என்பதும் என் விதிதான், கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான்காவது, நான் பார்த்தே இராத அப்துல் கனி மின்ஹாட். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆடிய முன்வரிசைக்காரர். ராஜா போலா, அதாவது காற்பந்து ராஜா, என்ற அவர் பட்டப்பெயரைச் சொன்னால் கிழவர்களுக்கு இன்றும் கண் மின்னும். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்து ஆள். மொக்தார் கோல் அடித்து நாங்கள் குதிக்கும்போதெல்லாம், "இதெல்லாம் கனி முன்னாடி என்ன?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அப்பாவின் சாட்சிக்காக நான்காம் இடம் கொடுக்கலாம். முதலிடம் முடியாது.

ஐந்தாவது சந்தோக் சிங். சோ சின் ஆனுக்குப் பக்கத்திலேயே நின்றவர். 1980-இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோமே, அதில் முதல் கோல் இவருடையது. பிறகு மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது வேறு கதை. அந்தக் கோலையும் எண்ணவில்லை. எண்ணாமலேயே இடம் கிடைக்கிறது.

இதில் அக்கா மகனுக்குத்தான் கோபம். அவனுக்கு இந்தோனேசிய முன்வரிசைக்காரர் பம்பாங் பமுங்காஸ் வேண்டும். 2005 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெர்லிஸை 3-0 என்று வென்றதில் மூன்று கோலும் பம்பாங் அடித்தவை. அந்த வருடம் இன்னொரு இந்தோனேசியர் எலி அய்போயும் அவரும் சேர்ந்து எஃப்.ஏ. கிண்ணம், பிரிமியர் லீக், மலேசியக் கிண்ணம் என்று மூன்றையும் வாங்கித் தந்தார்கள். "மாமா, நீங்க டிவியில பாத்தீங்க, நான் புக்கிட் ஜாலில் அரங்கத்துல நேர்ல பாத்தேன்" என்கிறான். நியாயம்தான். ஆனால் வந்த வேகத்தில் ஜகார்த்தாவுக்குத் திரும்பிவிட்டவரை, பத்து வருடத்துக்கு மேல் இதே சட்டையில் அடி வாங்கிய சந்தோக்குக்கு மேலே எப்படி வைப்பது? பம்பாங் ஆறாவது. அதற்கு மேல் ஒரு படிகூட ஏற்ற மாட்டேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன்.