பாட்டையா படத்தை வீட்டுக் கணினியிலேயே சரிசெய்தது

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், அதற்குள் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) மாட்டியிருக்கும் பாட்டையா படத்தைப் பெரிதாக்கிப் போட்டுவிட வேண்டும் என்றார் அப்பா. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போன காலத்தில் ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இப்போது மஞ்சள் பூத்து, ஓரமெல்லாம் பூஞ்சை. படம் திருத்திப் பழக்கமே இல்லாத நான், இலவசமாகக் கிடைக்கிற கிம்ப் மென்பொருளை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சட்டத்தைப் பிரித்தால், படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பழைய படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யலாமென்றால், வீட்டுப் பிரிண்டரோடு வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தன்மேல் ஒட்டிக் கிடப்பதுதான் தெளிவாகத் தெரியும், கொஞ்சம் மேலே தூக்கினாலும் மங்கல். அதனால் போனிலேயே எடுத்தேன். வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) வெயில் இறங்காத காலை நேரம், நிழல் பக்கமாகப் படத்தைச் சாய்த்து வைத்து, எனக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினேன். கண்ணாடியில் என் முகமும் தூண்களும் தெரியாமல் இருந்தது அந்தத் துணியால்தான். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

அளவுக் கணக்கு எளிது. 8க்கு 10 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 2400க்கு 3000 வேண்டும். 12 மெகாபிக்சல் கேமரா ஏறக்குறைய 4000க்கு 3000 தரும். படம் திரையை நிறைக்கும்படி எடுத்தால் போதும்.

கிம்பில் திறந்ததும் முதலில் லேயரை, அதாவது படம் இருக்கும் அடுக்கை, நகலெடுத்துக்கொண்டேன், மூலம் அடியில் அப்படியே கிடக்கட்டும் என்று. லேசான கோணலைப் பெர்ஸ்பெக்டிவ் கருவி நிமிர்த்தியது, கிராப் செய்தேன். அப்புறம்தான் மஞ்சள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுக்கச் சொல்வதன் காரணம் இங்கேதான் புரிந்தது. கலர்ப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாக இருக்கும். மஞ்சள் கறை நீல சேனலில் கருகருவென்று தெரியும், சிவப்பில் ஏறக்குறைய மறைந்துவிடும். சேனல்களைக் கலந்து கறுப்பு வெள்ளையாக்கும் மோனோ மிக்சரில் சிவப்பை மட்டும் 1 என்று வைத்து, மற்ற இரண்டையும் 0 ஆக்கினேன். பாதிக் கறை தானாகப் போய்விட்டது.

அடுத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸ். அதில் தெரியும் வரைபடம் எங்கே தொடங்குகிறதோ அதுவரை கறுப்பு முக்கோணத்தை நகர்த்தினால் மங்கல் விலகும். வெள்ளை முக்கோணத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. கொஞ்சம் கூட இழுத்தாலும் வேட்டியின் மடிப்புகள் எல்லாம் கரைந்து வெறும் வெள்ளையாகிவிடும்.

இதற்கிடையில் அத்தை மகன், போன் செயலியில் ஒரே தட்டலில் சரிசெய்த படம் ஒன்றை அனுப்பினான். பளிச்சென்றுதான் இருந்தது. பாட்டையாவின் மருமகளான அப்பத்தாவிடம் காட்டினேன். "யாருப்பா இது? மாமா சாயல்ல வேற யாரோல்ல இருக்காக" என்றார்கள். செயலி கண்ணையும் வாயையும் தானாக ஊகித்து வரைந்திருக்கிறது. அந்த வழி வேண்டாமென்று அப்போதே முடிவாகிவிட்டது.

பூஞ்சைப் புள்ளிகளுக்கு ஹீல் கருவி. நல்ல இடத்தைக் கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்துவிட்டு, புள்ளிமேல் தொட்டால் சுற்றியுள்ள சாயலோடு கலந்து மூடும். ஆனால் சட்டை விளிம்பு, நாற்காலிக் கைப்பிடி மாதிரி கோடுள்ள இடத்தில் அது அழுக்காக இழுக்கும். அங்கே, ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவிதான் சரி. 200 சதவீதம் பெரிதாக்கி வைத்து வேலை செய்தபோது, காதைச் சுற்றி நிறைய வெள்ளைப் புள்ளிகள். அதில் ஒன்று மட்டும் விளிம்பு கூர்மையாக, மற்றதைவிடப் பளிச்சென்று இருந்தது. தொடுவதற்கு முன் கேட்டுவிடலாமென்று அப்பத்தாவைக் கூப்பிட்டேன். "அது வைரக் கடுக்கன்ல!" விட்டுவிட்டேன். நெற்றிச் சுருக்கத்தையும் தொடவில்லை.

கடைசியாகக் கொஞ்சம் கூர்மை கூட்டி, கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்தேன். லேயர்கள் அதில்தான் நிற்கும். ஜேபெக்கைப் பிரிண்டுக்காக மட்டும் எக்ஸ்போர்ட் செய்தேன். அதையே திரும்பத் திரும்பத் திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தரம் குறையும்.

காரைக்குடியில் முதலில் 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். திரையில் பார்த்ததைவிட இருட்டாக வந்தது. லெவல்ஸில் நடு முக்கோணத்தை இடப்பக்கம் சற்று நகர்த்திய பிறகே பெரிய பிரிண்டுக்குக் கொடுத்தேன். மேட் பேப்பர் கேட்டு வாங்கினேன். எங்கள் பட்டாலையில் எதிர்வெளிச்சம் அதிகம், பளபளப்புப் பேப்பர் என்றால் முகமே தெரியாது.