நாலு ஆப்ஷனையும் மறைத்துப் பார்த்தபோது

எல்பிஐசி-1 என்கிற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழுக்கு 101, 102 என்று இரண்டு பரீட்சை. அதில் 101-ஐ நான் இரண்டாவது தடவையில்தான் பாஸ் பண்ணினேன். முதல் தடவை 440, பாஸ் மார்க் 500. 800-க்கு 440 என்றால் பாதிக்கு மேல் ஆச்சே என்று தோன்றும், ஆனால் அந்தக் கணக்கு 200-லிருந்துதான் ஆரம்பிக்கிறது, அதனால் நான் வாங்கினது பார்வைக்குத் தெரிவதைவிட மோசம். இதில் கூத்து என்னவென்றால், அந்த வாரம் பரீட்சைக்குப் பழகுகிற போன் ஆப்பில் நான் தொடர்ந்து 90 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வீடு காட்பாடி, வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில். கம்ப்யூட்டர் ஆள் என்று அங்கே நான் ஒருத்தன்தான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சம்பளக் கணக்கு ஓடுகிற லினக்ஸ் சர்வர் நின்றாலும் என்னைத்தான். பிரிண்டர் பிரச்சினை இல்லை. சர்வர்தான் பயம். எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்துவிட்டுப் போனது, யாரும் கை வைக்காமல் சாமி மாதிரி மூலையில் வைத்திருந்தோம். அந்தப் பயம் போகட்டும் என்றுதான் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தேன். திருவலம் வழியாகப் போகிற பஸ்ஸில் போக வர நேரம் கிடைக்கும், பெரும்பாலும் நின்றுகொண்டுதான், ஒரு கை கம்பியில், ஒரு கை போனில். புத்தகம் விரிக்க வழியில்லை, அதனால் ஆப்.

ஒரு சுற்றுக்கு 20 கேள்வி, நாலு ஆப்ஷன், சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. நெட் இல்லாமலும் ஓடும். முதல் மாதம் நிஜமாகவே உதவியது, அதை மறுக்க மாட்டேன். குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானாக ஓட வைக்கிற கிரானில் வருகிற ஐந்து இடங்களை (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை) நான் மனதில் ஏற்றியது பஸ்ஸை வைத்துத்தான்: திங்கள் முதல் சனி வரை காலை 6.50 வண்டி என்றால் 50 6 * * 1-6. இன்றைக்கும் கிரான் எழுதும்போது அந்த வண்டிதான் ஞாபகம் வருகிறது. ஒருநாள் கேள்வியில் மூழ்கி என் ஸ்டாப்பிங்கைத் தவறவிட்டேன். கண்டக்டர், "இன்னாப்பா, எறங்கலியா? போனுக்குள்ளயே பூந்துட்டியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பரீட்சையில் 60 கேள்வி, 90 நிமிடம். எல்லாமே ஆப்ஷனோடு வராது, சிலதுக்கு கமாண்டை நாமே டைப் அடிக்க வேண்டும். அங்கேதான் மாட்டினேன். என்ன கேட்டார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் வீட்டுக்கு வந்து நான் செய்த சோதனையைச் சொல்கிறேன். அதே ஆப், அதே கேள்விகள், ஆனால் நாலு ஆப்ஷனையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு விடையை ஒரு பழைய டைரியில் எழுதினேன். 20-க்கு 11. பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிற ஷேர்டு லைப்ரரிகளின் கேஷைப் புதுப்பிக்கிற கமாண்ட் எது என்ற கேள்வியை ஆப்பில் ஒருதடவைகூடத் தப்பு விட்டதில்லை, டைரியில் கை எல்டிடி என்று எழுதுகிறது. அது ஒரு புரோகிராமுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டுவது, நான் எழுத வேண்டியது எல்டிகான்ஃபிக். மூன்று மாதமாக நான் படித்தது லினக்ஸ் இல்லை, அந்த ஆப்பின் விடைகளுக்கு முகம் பார்த்துப் பழகியிருக்கிறேன். கல்யாண வீட்டில் எல்லார் முகமும் தெரியும், ஒருத்தர் பேரும் வாயில் வராது, அந்த மாதிரி.

இன்னொரு தப்பும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பரீட்சை நடத்துகிற எல்பிஐ தன் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று ஒரு வெயிட் போட்டு இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. 101-இல் மொத்தம் 60, அதில் குனு, யூனிக்ஸ் கமாண்டுகள் பகுதிக்கு மட்டும் 26. ஆப்போ எல்லாப் பகுதிக்கும் சமமாகக் கேள்வி போட்டுக்கொண்டிருந்தது. பூட் லோடரிலும் பார்ட்டிஷனிலும் நான் பச்சையாக வாங்கிக் குவித்த நேரத்தை கிரெப், செட் (sed) கமாண்டுகள், விஐ எடிட்டர் இவற்றில் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் யூமாஸ்க் சண்டை. புதிதாக உருவாகிறதில் எந்தெந்த அனுமதியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிற எண் அது. யூமாஸ்க் 027 இருந்தால் புதிதாக உருவாகிற ஃபைலுக்கு என்ன அனுமதி என்று ஆப் கேட்டது. 640 என்று அழுத்தினேன், சிவப்பு, 750-தான் சரியாம். அரை மணிநேரம் என்னையே சந்தேகப்பட்டேன். சரி, செய்தே பார்ப்போம் என்று போனிலேயே லினக்ஸ் கமாண்ட் அடிக்க விடுகிற டெர்மக்ஸ் ஆப்பைப் போட்டு, யூமாஸ்க் 027 கொடுத்து, டச் பண்ணி ஒரு ஃபைல், எம்கேடிர் பண்ணி ஒரு டைரக்டரி உருவாக்கி எல்எஸ் -எல் அடித்தேன். ஃபைலுக்கு 640, டைரக்டரிக்குத்தான் 750. ஃபைல் 666-இல் தொடங்கும், டைரக்டரி 777-இல் தொடங்கும். கேள்வி எழுதினவர் இரண்டையும் குழப்பிவிட்டார். தப்பு என்று ஆப்புக்குள்ளேயே எழுதி அனுப்பினேன், பதில் இல்லை, இன்றைக்கும் அங்கே 750-தான்.

ஆனால் அந்த அரை மணிநேரத்துக்கு நான் கோபப்பட மாட்டேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஆப்பும் டெர்மக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, ஒரு கேள்வி பார்த்தால் உடனே அடித்துப் பார்ப்பது. ரூட் இல்லாத போனிலேயே ஃபைண்ட், டார், பைப், விஐ எல்லாம் ஓடும். கன்ட்ரோல், எஸ்கேப், டேப் எல்லாம் கீபோர்டுக்கு மேலேயே ஒரு வரிசையாக வரும், விஐ பழக அது இல்லாமல் முடியாது. சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துகிற சிஸ்டம்டி, பார்ட்டிஷன் சமாச்சாரம் அதில் நடக்காது, அதற்கு வீட்டில் தூசி படிந்து கிடந்த லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டேன், ராத்திரியில் இரண்டு தடவை அதைப் பூட் ஆகாமல் செய்து மறுபடி எழுப்பினேன். "தூங்குடா, காலையில வேலைக்குப் போவணும்" என்று அம்மா உள்ளேயிருந்து மூன்று முறை குரல் கொடுத்த ராத்திரியில்தான் பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்கிற எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி தப்பானால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது.

இரண்டாவது தடவை 600. பெரிய மார்க் இல்லை, ஆனால் டைப் அடிக்கிற கேள்வி வந்தபோது கை தயங்கவில்லை. ரிசல்ட் அங்கேயே தெரிந்துவிட்டது. அடுத்த வாரமே கம்பெனி சர்வரில் லாக் பேக்கப்புக்கு ஒரு கிரான் போட்டேன், யாரும் கவனிக்கவில்லை, அது தினமும் ராத்திரி ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது 102. அதையும் பாஸ் பண்ணினால்தான் சான்றிதழ் கையில் வரும், வந்தால் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். நெட்வொர்க் பகுதியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள போர்ட் நம்பர்களை மட்டும் வேறு வழியில்லாமல் மனப்பாடம் செய்கிறேன், அதற்கு அந்தப் பழைய ஆப்பே போதும், ஆனால் கட்டைவிரல் ஆப்ஷன் மேலேதான். 22, 53, 123 எல்லாம் வந்துவிட்டது. மெயில் எடுக்கிற 993-உம் (ஐமேப்) 995-உம் (பாப்3) மட்டும் திருவலம் இரும்புப் பாலம் வருவதற்குள் இடம் மாறிக்கொள்கின்றன.