எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்த பிறகு

எங்கள் மகள் பிறந்தவுடன் அழவில்லை. பிரசவ நேரத்தில் மூளைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்றும், மூளைச் சேதத்தைக் குறைக்க உடலைக் குளிர வைக்கும் குளிர்விப்புச் சிகிச்சையைப் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்றும் சொல்லி, சென்னையிலேயே வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டும் முன் அங்கிருந்த மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் இச்சிகிச்சையால் நன்மை தெரியவில்லை, இறப்பு கூடவே செய்தது என்பதைச் சொல்லிவிட்டு, தம் பிரிவில் உள்ள வசதிகளையும் எங்கள் குழந்தையின் நிலையையும் வைத்து ஏன் பரிந்துரைக்கிறார் என்பதையும் விளக்கினார். மனைவி அறுவை சிகிச்சை முடிந்து முதல் மருத்துவமனையிலேயே இருந்தாள். தொலைபேசியில் அவளிடம் கேட்டுவிட்டு நான் கையெழுத்திட்டேன்.

குளிர்ந்த நீர் ஓடும் மெத்தையில், 33.5 டிகிரி செல்சியஸில், மூன்று நாட்கள் கிடந்தாள். தொட்டால் கை சில்லென்றிருக்கும். அந்த 72 மணி நேரத்தில் வலிப்பு வரவில்லை என்பதால் கண்டம் கடந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன்.

நான்காம் நாள் காலை, மணிக்கு அரை டிகிரி வீதம் உடலைச் சூடேற்றத் தொடங்கினார்கள். 35 டிகிரியை நெருங்கிய வேளையில் என்னை உள்ளே அனுமதித்திருந்தார்கள். மூளை அலைகளைக் காட்டும் திரையில் பட்டையாக ஓடிக்கொண்டிருந்த தடத்தின் அடிவிளிம்பு திடீரென மேலெழுந்து இறங்கியது. சற்று நேரத்தில் மறுபடியும் எழுந்தது. குழந்தையின் விரல்கூட அசையவில்லை. "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுச் செவிலியர் மருத்துவரை அழைத்தார். வெட்டி இழுக்காமலேயே வலிப்பு வரும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். திரையை முதல் நாளோடு கழற்றியிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

குளிர்ச்சி மூளையின் ஆற்றல் தேவையையும் நரம்பணுக்களின் கிளர்ச்சியையும் தணித்து வைக்கிறது. வெப்பம் திரும்பும்போது அதுவரை அடங்கியிருந்த வலிப்பு தலைதூக்கக்கூடும். அதனால்தான் மெதுவாகச் சூடேற்றுகிறார்கள் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் பினோபார்பிடால் என்ற வலிப்பு மருந்தை நரம்பு வழியாக ஏற்றி, சூடேற்றுவதைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். தடம் அமைதியான பிறகே சூடேற்றுவதைத் தொடர்ந்தார்கள். ஆறு மணி நேரத்தில் முடிய வேண்டியது நள்ளிரவைத் தாண்டியது.

இப்படியொரு சிகிச்சையில் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர், சூடேற்றி முடிந்த பிறகும் மூளை அலைக் கண்காணிப்பு தொடருமா என்று தயங்காமல் கேளுங்கள். எங்களுக்கு மேலும் ஒரு நாள் தொடர்ந்தது. வேறு வலிப்பு வரவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பின், வீட்டுக்கு அனுப்பும் முன்பே வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் மாத வளர்ச்சிப் பரிசோதனைக்காக இப்போது காத்திருக்கிறோம்.