ரஞ்சி தூண்டில் போட்ட ஆறு

திருவல்லிக்கேணியில் வளர்ந்த எனக்கு ரஞ்சி என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே வெகு தாமதமாகத்தான் தெரியவந்தது. அதுவரை அது ஒரு கிரிக்கெட் போட்டி, அவ்வளவுதான். அப்பா தயிர்சாதம் கட்டிக்கொண்டு, ஆளே இல்லாத சேப்பாக்கம் காலரியில் என்னை உட்காரவைத்து நாள் முழுக்கப் பார்க்கும் போட்டி. முதல் ரஞ்சி மேட்சே 1934 நவம்பரில் இதே மைதானத்தில்தான் நடந்தது, மெட்ராஸ் மைசூரை ஒரே நாளில் சுருட்டிவிட்டது, ராம்சிங்குக்கு 11 விக்கெட் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

டப்ளினுக்குக் குடிவந்து சில வருஷங்கள் ஆனபின், பத்தாவது கல்யாண நாளுக்கு ஏதாவது பழைய மாளிகை ஹோட்டலில் தங்க வேண்டும் என்றாள் மனைவி. தேடும்போது கண்ணில் பட்டது பாலினஹின்ச் காசில். அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், கொனமாராவில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் சொந்தக்காரர், கத்தியவார் பக்கத்து நவாநகர் சமஸ்தானத்தின் மன்னர், ஜாம் சாகிப் ரஞ்சித்சிங்ஜி. அந்தப் போட்டிக்குப் பெயர் தந்த ரஞ்சி இவர்தான். அதற்குப் பிறகு நான் வேறு ஹோட்டலைப் பார்க்கவே இல்லை. காரணத்தை மனைவியிடம் வண்டி கிளம்பிய பிறகுதான் சொன்னேன்.

கால்வே நகரம் தாண்டியதும் மரங்கள் குறைந்துகொண்டே வந்து, சதுப்பு நிலமும் கல் சுவரும் ஆடுகளும் மட்டும் மிஞ்சுகின்றன. பன்னிரண்டு சிகரங்கள் என்று பெயர் பெற்ற மலைகள் மேகத்துக்குள் ஒளிந்திருந்தன. மழை பெய்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கொனமாரா அப்படித்தான். எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் சட்டென்று அடர்ந்த காடு. அப்புறம் ஒரு வளைவில் ஆறும், அதன் கரையில் சாம்பல் நிறத்தில் அந்த வீடும்.

காசில் என்று பெயர் இருந்தாலும் அது கோட்டை இல்லை, உச்சியில் கோட்டைப் பல் வைத்த பெரிய பங்களா. நிஜக் கோட்டை பக்கத்து ஏரியில், ஒரு குட்டித் தீவில் இடிந்து நிற்கிறது. ஐரிஷில் இந்த ஊர்ப் பெயருக்குத் தீவின் ஊர் என்றுதான் அர்த்தம்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கட்டில் மெத்தென்று இருந்தது, வாடகை நெஞ்சை அடைத்தது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஓவன்மோர் ஆற்றின் இரைச்சல். கீழே கூடத்தில், சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்த கட்டிகள் கணப்பில் எரிந்துகொண்டிருந்தன. விறகுப் புகை மாதிரி கண்ணைக் கரிக்காது, மண்வாசனை கலந்த ஒரு புகை. என் ஸ்வெட்டரில் அது இன்னும் இருக்கிறது.

ரஞ்சிக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் மார்ட்டின் குடும்பத்தார். அவர்களில் ரிச்சர்ட் மார்ட்டின் விசித்திரமான ஆள். மனிதர்களோடு துப்பாக்கிச் சண்டை போடுவதில் பேர்போனவர், மாடு, குதிரை என்றால் உருகிவிடுவார். கால்நடை வதைக்கு எதிரான 1822ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்ததுதான். மிருகங்களை அடித்த குடியானவர்களை அந்தத் தீவுக் கோட்டையில் அடைத்துவைப்பார் என்று ஒரு கதையும் இருக்கிறது. அவருடைய மகன் தாமஸ், அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின் நடுவே 1847இல் காய்ச்சலில் இறந்தார். கடனில் மூழ்கிய எஸ்டேட் கைவிட்டுப் போனது. கொனமாராவின் இளவரசி என்று அழைக்கப்பட்ட பேத்தி மேரி, 1850இல் நியூயார்க்கில் பிரசவத்தை ஒட்டி உயிரை விட்டாள். ஒரு கையில் வைன் கிளாஸோடு இதை நினைத்துக்கொண்டிருப்பது அவ்வளவு சுகமாக இல்லை.

ரஞ்சி வந்தது 1924இல். இங்கிலாந்துக்காக 15 டெஸ்ட் ஆடி, கால் பக்கம் வரும் பந்தை மணிக்கட்டைத் திருப்பிப் பின்னால் தட்டிவிடும் லெக் கிளான்ஸ் என்ற ஷாட்டைப் பிரபலமாக்கியவர். 1915இல் வேட்டையில் குண்டு பட்டு ஒரு கண் போயிருந்தது. சால்மன் மீன் பிடிக்க வந்தவருக்கு இடம் பிடித்துப்போக, வாங்கியே விட்டார். 1933இல் இறக்கும்வரை கோடைக்கு வந்துகொண்டிருந்தார். ஆற்றோரம் நின்று தூண்டில் போட மேடைகள், மழைக்கு ஒதுங்கக் குடில்கள் எல்லாம் கட்டினார். வரும்போது கார்கள் வாங்கி, ஊர் திரும்பும்போது உள்ளூர்க்காரர்களுக்கே கொடுத்துவிட்டுப் போவாராம். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கார்களுக்குக் காசு கொடுத்தது கத்தியவார் விவசாயியின் வரிப்பணம் அல்லவா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. மனைவியிடம் சொன்னேன். "கல்யாண நாள்ல இதெல்லாம் வேணாமே" என்றாள். சரி.

மறுநாள் மீன்பிடிப் பாடம். கற்றுத்தருகிறவரை இங்கே கில்லி என்கிறார்கள். கில்லி தாண்டல் ஆடி வளர்ந்தவன் நான், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். புழு கிடையாது. இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்ப் பூச்சியைத் தண்ணீர் மேல் மெதுவாக இறக்க வேண்டும். தோளால் வீசாதீர்கள், கடிகார முள் பத்திலிருந்து ஒன்றுக்குப் போகிற மாதிரி வீசி நிறுத்துங்கள் என்றார். நான் வீசிய நூல் பின்னாலிருந்த மரத்தில் இரண்டு முறை மாட்டியது. மூன்றாவது தடவை என் தொப்பியிலேயே.

"ரஞ்சி இங்கேதான் நிற்பாராம். மணிக்கட்டு அப்படி வேலை செய்யுமாம்" என்றார் கில்லி.

அந்த மணிக்கட்டு வேறு என்னவெல்லாம் செய்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார், பாவம். கிரிக்கெட்டில் அவருக்குத் துளியும் ஆர்வமில்லை. அவருக்கு ரஞ்சி என்றால் நல்ல மீன்பிடிகாரர், தாராளமான முதலாளி. எனக்கோ ஸ்கோர்போர்டு. ஒரே ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோமா என்றே சந்தேகமாக இருந்தது.

மாலையில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு ஆற்றைக் காட்டினேன்.

"அவர் எத்தனை ரன் அடிச்சார்னு அங்க யாருக்காவது தெரியுமாடா?"

"தெரியலப்பா. மீன் பிடிச்ச கதைதான் சொல்றாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. திரையில் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.

"நீ எத்தனை பிடிச்சே?"

"ஒண்ணுமில்ல."

"டக் அவுட்டா?" என்றார்.