சாப்பிடத் தொடங்கிய பிறகு உடம்பில் நடந்தவை

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து உடம்பை மெலியவைக்கும் மனநோயான அனரெக்சியாவுக்காகத் திருகோணமலையில் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தபோது, சாப்பாட்டுக்குப் பயந்த அளவுக்கு, சாப்பிடத் தொடங்கியதும் உடம்பு மாறிய விதத்துக்கும் பயந்தேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன். எடை, கலோரி எதையும் இங்கே போடப்போவதில்லை. எண்ணைக் கண்டால் இந்த நோய் உள்ளவரின் மனம் உடனே ஒப்பிடத் தொடங்கிவிடும்.

வீட்டில் முதலில் கவனித்தது அம்மா. மாதக்கணக்காக நான் துடக்கென்று ஒருநாளும் கோயிலுக்குப் போகாமல் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூடவே வருகிறேன் என்று முதலில் சந்தோஷப்பட்டவர், பிறகுதான் மாதவிடாய் வருவதில்லையா என்று கேட்டார். விரதம் என்று சொல்லிச் சாப்பாட்டைத் தவிர்ப்பதும் எனக்குச் சுலபமாக இருந்தது. விரதம் பிடிக்கிற பிள்ளையை யார் குறை சொல்லுவார்கள்?

ஒரு தனியார் கிளினிக்கில் ஓமோன் குளிசை தந்தார்கள். இரத்தம் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் குளிசையை நிறுத்தும்போது வருவது வெளியிலிருந்து கொடுத்த ஓமோன் குறைவதால் வரும் இரத்தம். சூலகம் விழித்துக்கொண்டது என்று அதற்கு அர்த்தமில்லை. எலும்பையும் அது காப்பாற்றாது. இதை எனக்கு விளக்கியது வாட்டில் பார்த்த டொக்டர்தான்.

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நாளிலும் எனக்குக் குளிரும். நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சுரப்பியின் ஓமோன்களில் ஒன்றான டி3 குறைவு என்றதும் அம்மா, "அப்போ தைரொயிட் வருத்தம்தானே, அதுக்கு மருந்து குடுங்கோ" என்றார். டொக்டர் மறுத்துவிட்டார். சாப்பாடு போதாதபோது உடம்பு செலவைக் குறைக்கத் தானே டி3யை இறக்குகிறதாம்; மருந்து கொடுத்து வேகத்தைக் கூட்டினால் இன்னும் எடை குறையும், இதயத்துக்கும் ஆபத்து. மாதவிடாயும் அப்படித்தான். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஓமோன் குறைய, மூளையில் ஓமோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலமஸ் என்ற பகுதி அடங்குகிறது. அது கபச்சுரப்பியைத் தூண்டாததால் சூலகத்தில் பெண் ஓமோனான ஈஸ்ட்ரஜன் வற்றுகிறது. உடம்பு நெருக்கடியில் சுரக்கும் கோட்டிசோல் ஓமோன் மட்டும் உயர்ந்து நிற்கும். (மாதவிடாய் நிற்காதவர்களுக்கும் அனரெக்சியா இருக்கலாம். மனநோய்களைக் கண்டறிய டொக்டர்மார் பார்க்கும் அமெரிக்கக் கையேட்டின் 2013இல் வந்த பதிப்பான டிஎஸ்எம்-5, மாதவிடாய் நின்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதே என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.)

முதல் நாட்களில் சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தந்தார்கள். அதற்கு முன்பே தயமின் (விட்டமின் பி1) தந்தார்கள். தினமும் இரத்தம் எடுப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் பட்டினி கிடந்த உடம்புக்குச் சோறும் பாணும் போனதும் இன்சுலின் கூடுகிறது. அது இரத்தத்திலிருக்கும் பொஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைக் கலங்களுக்குள் இழுத்துவிடும். கவனிக்காவிட்டால் இதயம் நின்றுபோகலாம். அதனால்தான் இதை வீட்டில் கஞ்சியும் முட்டையும் ஊட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் கால் வீங்கியது. முகம் ஊதியது. பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு உம்மா, "இப்பதான் மகள் வடிவா இருக்கிறீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் இரவு முழுக்க அழுதேன். அந்த வீக்கம் பெரும்பாலும் நீர், தானாக வடியும் என்று தாதி சொன்னபோதும் நம்பவில்லை. இரவில் உடுப்பு நனையுமளவு வியர்த்தது. அடங்கிக் கிடந்த வளர்சிதை மாற்றம் திடீரென்று சூடு பிடிக்கும்போது அப்படி வருமாம். எடை முதலில் வயிற்றைச் சுற்றியே சேர்ந்தது எல்லாவற்றையும்விடக் கொடுமை. எடையை நிலையாக வைத்திருந்தால் காலப்போக்கில் அது உடம்பெங்கும் பரவும் என்றார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க மனநல டொக்டருடன் வாராவாரம் கதைத்தது இல்லாமல் முடிந்திருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகும் மாதவிடாய் வரவில்லை. சொந்தக்காரர்கள் அம்மாவிடம் கலியாணம், குழந்தை என்று கேட்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு மறுபடியும் அந்தக் குளிசை ஞாபகம் வந்தது. எடை போதிய அளவுக்கு ஏறிய பின்பும் சூலகம் விழிக்க மாதங்கள் எடுக்கலாம், பொறுங்கள் என்று கிளினிக்கில் சொல்லித்தான் அவர் அடங்கினார். முகப்பரு, மார்பில் நோவு, வெள்ளைபடுதல் என்று பதின்மூன்று வயதில் வந்ததெல்லாம் திரும்ப வந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரத்தம் வந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் தலையைத் தடவினார்.

எலும்புதான் பாக்கி. ஈஸ்ட்ரஜன் இல்லாத காலத்தில் மெலிந்த எலும்பு அவ்வளவு சீக்கிரம் தேறுவதில்லை. அடர்த்தி ஸ்கேன் மறுபடி எடுக்கவேண்டும். கல்சியமும் விட்டமின் டியும் எடுக்கிறேன், ஓட இன்னும் அனுமதியில்லை. அடுத்த கிளினிக்கில் நீந்தலாமா என்று கேட்கப்போகிறேன்.