வேலூர்க் கோட்டையிலிருந்து வாட்டர்லூவுக்கு

1799-இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் 1815-இல் பெல்ஜியத்திலுள்ள வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்றவர். திப்புவின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்த கோட்டையைச் சுற்றித் தினமும் நடக்கிற எனக்கு, ஐரோப்பா போனால் அந்த மைதானத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் கடலுக்கடியில் புகுந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் பிரஸ்ஸல்ஸ். விமானமே வேண்டாம். ஆனால் காட்பாடியில் கடைசி நிமிஷத்தில் ஓடி ஏறுகிற வித்தை அங்கே பலிக்காது. பாஸ்போர்ட், பெட்டி என்று எல்லாச் சோதனையும் ஏறுவதற்கு முன்பே. பிரிட்டனுக்கு ஒரு விசா, பெல்ஜியத்துக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பிரஸ்ஸல்ஸிலிருந்து ப்ரேன் லாலூவுக்குச் சாதாரண ரயில். போர்க்களத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிற சிங்க மேடு அங்கிருந்து பக்கம்தான்.

அப்புறம் ஜெர்மனியின் கொலோன். தேவாலயம் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிறது, ஆட்டோ செலவு மிச்சம்!

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் போகிற யூரெயில் பாஸை எடுக்கச் சொல்கிறார் மைத்துனர். பாஸ் இருந்தாலும் யூரோஸ்டாரில் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இந்த மூன்று ஊருக்கு அந்தப் பாஸ் தண்டம் என்பது என் கணக்கு. சரி, அவர் பாரிஸையும் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தால் மறுபடி கணக்குப் போடலாம்.