எரேசரைத் தொடாமல் எடிட்டிங் பழகிய கதை

கிராபிக் டிசைன் சேர்ந்த முதல் செமஸ்டரில் நான் போட்டோஷாப் கற்றது முழுக்க வீடியோ பார்த்துத்தான். ஒருவர் இருபது நிமிடத்தில் பகலை இரவாக்கிக் காட்டுவார், நானும் நிறுத்தி நிறுத்தி அதையே செய்வேன், அவர் ஸ்லைடரை 43இல் வைத்தால் நானும் 43தான். அவர் படம் ஜொலிக்கும், என் படம் சேறு பூசியது போல இருக்கும். வேறு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு அவருடைய எண் எப்படிப் பொருந்தும் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஒரு போஸ்டர் அசைன்மென்ட் வந்தது. ஒரு பெண்ணின் தலைமுடியைச் சுற்றி இருந்த பின்னணியை எரேசரால் அழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த லேயர்களை எல்லாம் ஒன்றாக்கி, ஜேபெக்காகச் சேமித்துப் பெருமையாகக் கொண்டுபோனேன். "நல்லா இருக்கு, பின்னணியை மட்டும் வெளிர் நிறத்துக்கு மாத்திட்டு வா" என்றார் ஆசிரியர். ஐந்து நிமிட வேலை. எனக்கு ஓர் இரவு முழுக்கப் போனது, ஏனென்றால் அழித்த முடி திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து எரேசரைத் தொடுவதில்லை. எல்லாமே லேயர் மாஸ்க்தான், அதாவது படத்தை அழிக்காமல் மறைத்துவைக்கும் திரை. மாஸ்க்கில் கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் அரைகுறையாகக் காட்டும், அவ்வளவுதான் விஷயம். தப்பாக மறைத்துவிட்டால் வெள்ளையை எடுத்துத் தடவினால் திரும்ப வந்துவிடும். பாட்டில், கட்டடம் மாதிரி விளிம்பு கூர்மையான பொருட்களுக்குப் புள்ளி புள்ளியாக விளிம்பை வரையும் பென் டூல் வைத்து வெட்டுங்கள். முதல் வாரம் கை ஒத்துழைக்காது, வெறுப்பாக வரும், ஆனாலும் விடாதீர்கள். பரு, தூசி நீக்க ஹீலிங் பிரஷ் எடுக்கும்போதும் மேலே ஒரு காலி லேயர் போட்டு, சாம்பிள் அமைப்பில் 'கரண்ட் அண்ட் பிலோ' வைத்துக்கொண்டால் அசல் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.

அப்புறம் கர்வ்ஸ், ஒரு கோட்டை வளைத்துப் படத்தின் ஒளியையும் நிறத்தையும் மாற்றும் கருவி. பிரைட்னஸ் ஸ்லைடரோடு நின்றுவிடாமல் கர்வ்ஸில் ஒரு மாதம் உட்காருங்கள். கோட்டின் இடப்பக்கம் நிழல், வலப்பக்கம் ஒளி, நடுவைத் தூக்கினால் முகம் வெளுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிச் சானலிலும் இழுத்துப் பார்த்தால்தான் மஞ்சள் அடித்த படத்தைச் சரிசெய்ய நீலத்தை ஏற்ற வேண்டும் என்பது கைக்குப் பழகும். 8 பிட் படத்தில் ஒரு சானலுக்கு 256 படிகள்தான், ரொம்ப இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) கிடைத்தால், படிகள் பல மடங்கு அதிகமுள்ள 16 பிட்டில் வேலை செய்யுங்கள்.

முகத்துக்கு ஆழம் கொடுக்க, 50 சதவீத சாம்பல் நிரப்பிய லேயரை 'சாஃப்ட் லைட்' என்ற கலப்பு முறையில் வையுங்கள். அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் 5 சதவீத ஃப்ளோவில் (பிரஷ்ஷிலிருந்து நிறம் வரும் அளவு) வெள்ளையும் கருப்பும் தடவினால் ஒளியும் நிழலும் கூடும். இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்து டாட்ஜ் (வெளுப்பாக்குவது), பர்ன் (கருப்பாக்குவது) வேலைதான் இது.

இரண்டு படங்களை ஒட்டும்போது எல்லாரும் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது நிழல் விழும் திசை, அடுத்து கருப்பு எவ்வளவு கருப்பு என்பது. உச்சியில் ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் போட்டுப் பாருங்கள், ஒட்டு தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

மென்பொருள் வாங்க வழியில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கிம்ப் இலவசம், போட்டோபியா பிரவுசரிலேயே ஓடும், மாஸ்க்கும் கர்வ்ஸும் இரண்டிலும் உண்டு.

செய்முறைத் தேர்வில் லேயர்களுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். 'லேயர் 17 காப்பி 3' எது என்று பதற்றத்தில் தேடிய அனுபவம் எனக்கு இருக்கிறது. அச்சு வேலை என்றால் தொடங்கும்போதே அளவைக் கணக்குப் போடுங்கள், 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 10 அங்குலத்துக்கு 3000 பிக்சல் வேண்டும். திரையில் பளீரென்று தெரியும் நீலம் சிஎம்ஒய்கே எனும் நான்கு மை அச்சில் மங்கிப்போகும், அதனால் அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் ப்ரூஃப் கலர்ஸைப் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு, போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை லேயர்களோடு தனியாக வைத்துக்கொண்டு, அப்புறம் பிரிண்டுக்கு அனுப்புங்கள்.